புளியரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்: ஓட்டத்துக்கும் மலைநடைக்கும் எந்த மெல்லடி ஷூ?

சாரல் விழத் தொடங்கியதும் செங்கோட்டை, இலஞ்சி, பண்பொழி வட்டாரத்தில் விடியற்காலையில் ஓடுகிறவர்களின் கூட்டம் பெருகிவிடுகிறது. அவர்களில் பலர் என்னிடம் கேட்டுவரும் கேள்வி ஒன்றுதான்: குதிகாலில் பஞ்சு வைத்த ஷூவை விட்டுவிட்டு, வெறுங்காலோடு இருப்பதைப் போன்ற மெல்லிய ஷூவுக்கு மாறலாமா, மாறுவதானால் எதை வாங்குவது? கேட்பவர்கள் ஏற்கெனவே நாலைந்து மாதிரிகளைப் பார்த்துக் குழம்பியிருப்பார்கள். எந்தத் தரையில் ஓடப்போகிறோம் என்பதை மட்டும் யோசித்திருக்கமாட்டார்கள்.

நம் வட்டாரத்தில் அதுதான் முதற்கேள்வியாக இருக்க வேண்டும். சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல்களின் வரப்பும் வண்டிப்பாதையும் செம்மண், சரளை, நெருஞ்சி, உடைமுள் என்று காய்ந்து கிடக்கின்றன. அங்கிருந்து மேற்கே வந்து, தமிழக எல்லையிலுள்ள புளியரையைத் தாண்டிக் கோட்டவாசல் வளைவுகளில் ஏறிக் கேரளத்து ஆரியங்காவில் இறங்கினால், நாற்பது கிலோமீட்டருக்குள்ளாகவே தரை முற்றிலும் வேறாகிவிடுகிறது: நனைந்த சேறு, பாசி படிந்த பாறை, வேர்கள் பின்னிய சரிவு, அட்டை. முள்ளுக்குத் தக்க ஷூ பாசிக்குத் தகாது. பாசிக்குத் தக்க ஷூ தார்ச்சாலையில் வீணாகத் தேயும். அமெரிக்கப் பூங்காப் பாதையில் ஓடுகிறவர் எழுதிய பாராட்டைப் படித்து இங்கே வாங்குகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். நானும் அப்படி ஒருமுறை ஏமாந்தவன். அதைப் பிறகு சொல்கிறேன்.

எவற்றைக் கொண்டு அளப்பது

‘மினிமலிஸ்ட் ஷூ’ என்றால் என்ன என்பதில் நெடுநாள் குழப்பம் இருந்தது. 2015இல் 11 நாடுகளைச் சேர்ந்த 42 வல்லுநர்களின் கருத்தைத் திரட்டி ஒரு வரையறையும் அளவுகோலும் உருவாக்கினார்கள். எடை, வளையும் தன்மை, அடிப்பாகத்தின் தடிமன், குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் இடையிலான உயர வித்தியாசம், பாதத்தின் அசைவைக் கட்டுப்படுத்தும் அமைப்புகள் இருக்கின்றனவா என்பது ஆகிய ஐந்தையும் அது பார்க்கிறது. வழக்கமான ஓட்ட ஷூவில் குதிகால் முன்பாதத்தைவிட 8 முதல் 12 மில்லிமீட்டர் வரை உயர்ந்திருக்கும்; இதைத்தான் கடைக்காரர்கள் ‘டிராப்’ என்கிறார்கள். வெறுங்கால் பாணி ஷூவில் இந்த டிராப் பூச்சியம். விரல்கள் விரிந்து ஊன்றுவதற்கு முன்பகுதி அகலமாக இருக்க வேண்டும் என்பது அந்த ஐந்தில் இல்லை. ஆனாலும் வாங்குகிறவருக்கு அது மிக முக்கியம்.

இவற்றோடு நம் ஊருக்காக நான்கைச் சேர்த்துக்கொள்கிறேன்: முள் ஏறுமா, நனைந்த பாறையில் பிடிக்குமா, நனைந்தபின் எத்தனை நேரத்தில் உலரும், அளவு சரியில்லாவிட்டால் திருப்பி அனுப்ப முடியுமா.

இன்னொன்றும் உண்டு. அது ஷூவில் இல்லை, காலில் இருக்கிறது. பல ஆண்டுகள் உயர்ந்த குதியோடு ஓடிய காலில் கெண்டைச் சதையும் குதிகால் நாணும் அந்த உயரத்துக்கே பழகியிருக்கும். திடீரென்று குதியைத் தாழ்த்தினால், முழங்காலில் குறைகிற பாரம் கெண்டைக்கும் நாணுக்கும் முன்பாதத்து நீள எலும்புகளுக்கும் இடம் மாறுகிறது. ஆகவே எந்த ஷூவை எடைபோடும்போதும், அது பழகுவதற்கு எத்தனை மாதம் கேட்கும் என்பதையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

| தேர்வு | அடித்தடிமன் | முள் | ஈரப்பாறை, சேறு | காலுக்கு வரும் புதுச் சுமை | செலவு |
|---|---|---|---|---|---|
| வெறுங்கால் | இல்லை | தாங்காது | காய்ந்த பாறையில் நல்ல பிடிப்பு, பாசியில் இல்லை | மிக அதிகம் | இல்லை |
| டயர் செருப்பு | ஏறத்தாழ 8–12 மி.மீ. | நன்றாகத் தாங்கும் | பாதம் செருப்பின் மேலேயே வழுக்கும் | அதிகம் | சில நூறு ரூபாய் |
| மெல்லிய சாலை ஷூ | 3–6 மி.மீ. | ஏறிவிடும் | மோசம் | அதிகம் | உள்நாட்டில் சில ஆயிரம் |
| பல் வைத்த மெல்லிய மலைப்பாதை ஷூ | பல் நீங்கலாக 4–8 மி.மீ. | ஓரளவு | நன்று | அதிகம் | பெரும்பாலும் இறக்குமதி, பத்தாயிரத்தை ஒட்டி |
| விரல் ஷூ (ஒவ்வொரு விரலுக்கும் தனி உறை) | 3–8 மி.மீ. | ஓரளவு | மாதிரியைப் பொறுத்தது | அதிகம் | இறக்குமதி |
| சமக்குதி (டிராப் பூச்சியம்), தடித்த அடி | 20–30 மி.மீ. | தாங்கும் | நன்று | நடுத்தரம் | இறக்குமதி |

வெறுங்கால்

1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் ஓடி வென்றதை எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். நான்கு ஆண்டுகளுக்குப் பின் டோக்கியோவில் அதே பிகிலா ஷூ அணிந்து, 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் ஓடி மறுபடியும் வென்றதை அவர்களில் பலர் சொல்வதில்லை. நமக்கு அத்தனை தொலைவு போகவும் வேண்டாம். கார்த்திகை பிறந்து மாலை போட்டதும், அதுவரை செருப்பில்லாமல் தெருவில் இறங்காதவர்களும் அச்சன்கோவில், ஆரியங்காவு, சபரிமலை என்று இருமுடியோடு வெறுங்காலில் நடக்கிறார்கள். முதல் வாரம் கொப்புளம். மண்டலம் முடிவதற்குள் உள்ளங்கால் தடித்துவிடுகிறது. பாதத்தின் தோலும் சதையும் எவ்வளவு விரைவில் பழகும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் அது நடை. ஓட்டத்தில் எலும்பு பழகுவதற்குத் தோலைவிடக் கூடுதலான காலம் வேண்டும்.

குழந்தைகளுக்கு வெறுங்கால் நல்லது என்பதற்கு நம் நாட்டிலேயே ஆய்வு இருக்கிறது. 1992இல் ராவ், ஜோசப் என்னும் இரு மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையிலான 2,300 குழந்தைகளின் பாதச்சுவடுகளை ஆராய்ந்தார்கள். காலணி அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 சதவீதத்தினருக்கும், அணியாமல் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதத்தினருக்கும் தட்டைப்பாதம் இருந்தது. மூடிய ஷூ அணிந்தவர்களிடம் அது மிகுதியாகவும், செருப்பு அணிந்தவர்களிடம் குறைவாகவும் காணப்பட்டது.

மறைந்திருக்கும் விலை மழைக்காலத்தில்தான் தெரியும். ஈர மண்ணில் கொக்கிப்புழு உள்ளங்கால் தோலின் வழியாக உடலில் ஏறும். தேங்கிய நீரிலும் சேற்றிலும் இருக்கும் எலிக்காய்ச்சல் கிருமி சிறு கீறல் வழியே நுழையும். கேரளப் பகுதியில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் இதற்கு எச்சரிக்கை விடுக்கிறார்கள். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் இந்தத் தேர்வை நினைக்கவே கூடாது. மற்றவர்கள், கூட்டிப் பெருக்கிய பள்ளி மைதானத்திலோ புல்தரையிலோ வாரத்தில் இரண்டு நாள் ஐந்து நிமிடம் ஓட, இதைவிடச் சிறந்த ஆசான் கிடையாது.

டயர் செருப்பு

மெக்சிகோவின் வடபகுதி மலைகளில் வாழும் ராராமூரி மக்கள், பழைய டயரை வெட்டி வார் கட்டிய செருப்போடு நெடுந்தொலைவு ஓடுகிறவர்கள். 1993இல் அமெரிக்காவின் லெட்வில் நகரில் நடந்த 100 மைல் மலையோட்டத்தில் அவர்களில் ஒருவரான விக்டோரியானோ சுரோ தம் 55ஆம் வயதில் முதலாவதாக வந்தார். அதன்பின் அந்தச் செருப்பின் சாயலில் செய்யப்பட்டவை இன்று வெளிநாட்டில் நல்ல விலைக்கு விற்கின்றன. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆடு மேய்க்கிறவர்களும் காட்டு வேலைக்குப் போகிறவர்களும் டயர் செருப்பு போட்டுத்தானே உடைமுள்காட்டில் நடந்தார்கள்! சந்தைப் பக்கத்தில் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவரிடம் ஓடுவதற்கு ஒரு ஜோடி வேண்டும் என்று கேட்டபோது, அவர் என் விலையுயர்ந்த ஷூவை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: “டயரு தேஞ்சாலும் முள்ளு ஏறாது அண்ணாச்சி. ஆனா ஓடுறதுக்குன்னு யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல.”

அளவுகோலில் வைத்துப் பார்த்தால் இது பாதி தேறும். குதி உயரம் கிடையாது, விரலுக்கு எல்லையே கிடையாது, அசைவைக் கட்டுப்படுத்தும் அமைப்பும் கிடையாது. வளைவதில்தான் தோற்கும், தடித்த டயர் பாதத்தோடு சேர்ந்து மடங்காது, எடையும் கூடுதல். தைக்கச் சொல்லும்போது மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். முதலாவது, கம்பி இல்லாத நைலான் டயராக இருக்க வேண்டும். ரேடியல் டயரில் எஃகுக் கம்பி உண்டு, தேயத்தேய அது வெளியே நீட்டிக் குத்தும். இரண்டாவது, பழைய டயருக்கு இயல்பாக உள்ள வளைவு அதிகம் இல்லாத துண்டாக இருக்க வேண்டும். மூன்றாவது, குதிகாலைச் சுற்றி இழுத்துக் கட்டும் வார் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் செருப்பு கழன்றுவிடாமலிருக்க விரல்கள் தாமாகவே மடங்கிப் பிடிக்கும், ஓட்டம் கெட்டுவிடும்.

கிழக்குப் பக்கத்துக் காய்ந்த பாதைகளில் நடைக்கும் மெதுவோட்டத்துக்கும், கையில் பணம் குறைவாக உள்ளவருக்கும் இதையே சொல்வேன். மழையில் இதை நம்பக் கூடாது. பாதத்துக்கும் டயருக்கும் நடுவே சேறு புகுந்தால் இறக்கத்தில் கால் முன்னே வழுக்கி, வார் விரலிடுக்கை அறுத்துவிடும். அந்த அறுந்த இடத்தோடு சேற்றில் நடப்பது மேலே சொன்ன எலிக்காய்ச்சலுக்குக் கதவைத் திறந்து வைப்பதாகும். ஒரே ஆறுதல், அட்டை ஏறினால் உடனே கண்ணில் படும்.

மெல்லிய சாலை ஷூ

விவோபேர்ஃபூட், ஸீரோ ஷூஸ் போன்ற வெளிநாட்டுப் பெயர்களும், இப்போது உள்நாட்டிலேயே செய்யப்படுபவையும் இந்த வகையில் மிகுதி. தரையின் ஒவ்வொரு மேடு பள்ளமும் காலுக்குத் தெரியும். தார்ச்சாலை, சிமெண்டுப் பாதை, உடற்பயிற்சிக்கூடம் ஆகியவற்றுக்கு இதுவே போதும். வழக்கமான ஷூவின் பஞ்சு 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் துவண்டுவிடும் என்று மாற்றச் சொல்வார்கள். இதில் துவள்வதற்குப் பஞ்சே இல்லை என்பதால் அடிப்பாகம் தேயும்வரை போடலாம். விலையைக் கேட்டு மலைப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

என் ஏமாற்றம் இந்த வகையில்தான். நான்கு மில்லிமீட்டர் அடியுள்ள ஒரு ஜோடியை ஆன்லைனில் வாங்கி, வந்த வாரத்திலேயே சுந்தரபாண்டியபுரத்து வண்டிப்பாதையில் எட்டு கிலோமீட்டர் ஓடினேன். நெருஞ்சி அடியில் ஒட்டியதே தவிர ஏறவில்லை; ஆறாவது கிலோமீட்டரில் உடைமுள் ஒன்று அடிப்பாகத்தைத் துளைத்து உள்ளங்காலில் அரை அங்குலம் இறங்கிவிட்டது. முள்ளை எடுத்துவிட்டேன், டி.டி. ஊசியும் போட்டுக்கொண்டேன், அது நான்கு நாளில் சரியாகிவிட்டது. சரியாகாதது கெண்டைக்கால். பழகாத காலோடு ஒரே நாளில் எட்டு கிலோமீட்டர் ஓடியதற்கு, மூன்று வாரம் படி இறங்கும்போதெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். முள்ளுக்கு ஷூவைக் குறை சொல்லலாம். கெண்டைக்காலுக்கு என்னைத்தான் சொல்ல வேண்டும்.

வெயிலையும் மறக்கக் கூடாது. பங்குனி, சித்திரையில் காலை ஒன்பது மணிக்கு மேல் தார்ச்சாலையின் சூடு இந்த அடியின் வழியாக நேரே ஏறும்.

பணம் செலவழிக்க மனமில்லாதவர்கள் பள்ளிக்கூடத்துக் கான்வாஸ் ஷூவைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கிச் சோதிக்கலாம். அடி ஏறத்தாழத் தட்டை, வளையும், துணி விரைவில் உலரும். முன்பகுதி குறுகலாக இருப்பதால் ஓர் அளவு பெரிதாக வாங்க வேண்டும். இந்த வகை நமக்கு ஒத்துவருமா என்பதை இரண்டு மாதத்தில் அறிந்துகொள்ள இது போதும்.

பல் வைத்த மலைப்பாதை ஷூ

மேற்குப் பக்கம் போகிறவர்களுக்கு உரியது இதுதான். மெரலின் ட்ரெயில் க்ளவ், விவோபேர்ஃபூட்டின் மலைப்பாதை மாதிரிகள் முதலியன இந்த வகை. அடியில் உள்ள ரப்பர்ப் பற்கள் சேற்றில் பதிந்து பிடிக்கும். இங்கே பலரும் தடிமனைப் பார்த்து வாங்குகிறார்கள். பார்க்க வேண்டியது பல்லின் ஆழத்தையும் ரப்பரின் மென்மையையும். சேற்றுக்கு ஆழமான பல், ஒன்றுக்கொன்று இடைவெளியோடு இருக்க வேண்டும். இடைவெளி குறைந்தால் செம்மண் அடைத்துக்கொண்டு அடி வழவழவென்று ஆகிவிடும். பாறைக்குப் பல்லைவிட ஒட்டும் தன்மையுள்ள மென்ரப்பர் முக்கியம், அது விரைவில் தேயும் என்றாலும். பாசி படிந்த பாறையில் எந்த ரப்பரும் முழுதாகப் பிடிக்காது; பாலருவி ஓடையில் கால்வைக்கும் இடத்தைக் கண்ணால் தேர்ந்தெடுப்பதற்கு மாற்றாக விற்கப்படும் ஷூ எதுவும் கிடையாது.

அதோடு, வலைத்துணியாலான மேற்பகுதி உள்ளதை எடுக்க வேண்டும். ‘நீர் புகாது’ என்று விற்கப்படுவதில் மேலே வழியாக ஒருமுறை நீர் புகுந்துவிட்டால், அது வெளியேறவும் வழியிராது. அட்டைக்கு முழங்கால் வரை ஏறும் நெருங்கிய நெசவுள்ள அட்டைக் காலுறை தேவை. அதை உள்ளே போட்டுப் பார்த்துத்தான் ஷூவின் அளவை முடிவுசெய்ய வேண்டும். என்னோடு வரும் இருவர் காலுறை போட்டதும் ஷூ இறுக்கமாகி, புதிய ஷூவை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார்கள்.

மறைசெலவு இறக்குமதியில் இருக்கிறது. சுங்கவரியும் அனுப்பும் செலவும் சேர்ந்து விலையை நன்றாகவே ஏற்றிவிடும். அளவு தவறினால் திருப்பி அனுப்புவது மறுபடியும் செலவு. இந்தியாவில் இருப்பு வைத்து விற்கும் இடத்தில் வாங்கினால், பிடித்த நிறம் கிடைக்காவிட்டாலும் நிம்மதி உண்டு.

விரல் ஷூ

விப்ரம் நிறுவனத்தின் ஐந்துவிரல் ஷூவைப் பற்றி நீளச் சொல்ல வேண்டியதில்லை. பாதத் தசை வலுக்கும், காயம் குறையும் என்று விளம்பரம் செய்ததற்காக அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கை, தவற்றை ஒப்புக்கொள்ளாமலேயே 2014இல் 37.5 லட்சம் டாலர் கொடுத்து அந்நிறுவனம் தீர்த்துக்கொண்டது. பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீண்டவர்களுக்கு இது பொருந்துவது கடினம். சாதாரண அட்டைக் காலுறையை இதற்குள் போட முடியாது. ஈரத்தில் விரலிடுக்கு ஊறிப் புண்ணாகும். பாறை ஏறுகிறவர்களும், ஒவ்வொரு விரலும் தனித்தனியே ஊன்றுவதை விரும்புகிறவர்களும் காலில் போட்டுப் பார்த்தபின் வாங்கலாம்.

சமக்குதி, தடித்த அடி

ஆல்ட்ராவின் லோன் பீக் போன்றவை குதி உயரம் இல்லாதவை, முன்பகுதி அகலமானவை; ஆனால் அடி ஏறத்தாழ 25 மில்லிமீட்டர். தீவிர வெறுங்கால் பக்தர்கள் இதை ஏற்கமாட்டார்கள். என் கருத்தில், நாற்பதைக் கடந்தவர்களுக்கும், உடல் எடை கூடியவர்களுக்கும், சரளையில் இருபது கிலோமீட்டருக்கு மேல் போகிறவர்களுக்கும், பழைய ஷூவிலிருந்து மெல்ல இறங்கி வருகிறவர்களுக்கும் இதுவே முதல் ஷூவாக இருக்கலாம். கெண்டைக்கால் பழக வேண்டிய வேலை இதிலும் உண்டு, எலும்புக்கு விழும் அடி மட்டும் குறையும். தரையின் உணர்வு குறைவு. கூர்ங்கல்லில் பக்கவாட்டில் கணுக்கால் மடங்கும் வாய்ப்பு மெல்லிய ஷூவைவிடச் சற்று அதிகம். பஞ்சு இருப்பதால் இதுவும் சில நூறு கிலோமீட்டரில் துவளும்.

யாருக்கு எது

தென்காசி, செங்கோட்டைத் தெருக்களில் வாரத்துக்கு மூன்று நாள் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு உள்நாட்டு மெல்லிய சாலை ஷூ போதும். குண்டாறு, மேக்கரை, பாலருவி என்று மழைக்காலத்தில் நடக்கிறவர் பல் வைத்த ஷூவுக்குப் பணம் செலவழிக்கலாம். வனத்துறை அனுமதி வேண்டிய பாதைகளில் அனுமதியில்லாமல் போக எந்த ஷூவும் வேண்டாம். இரண்டு பக்கமும் போகிறவர் ஒரே ஷூவால் சமாளிக்கப் பார்ப்பதைவிட, கிழக்குக்கு டயர் செருப்பும் மேற்குக்குப் பல் வைத்த ஷூவும் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்வது மலிவாகவே முடியும். முழங்கால் நன்றாக இருக்கிறது, ஓட்டத்தில் குறையில்லை என்பவர் பழைய பஞ்சு ஷூவோடு இருப்பதில் எந்தத் தவறும் இல்லை.

மாறுகிறவர்களின் முதல் இரண்டு மாதம்

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மன் குழு 2010இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தை ஊன்றுகிறார்கள், அதனால் தரையில் மோதும் அதிர்ச்சி குறைகிறது என்று காட்டியது. வெறுங்கால் பாணி ஓட்டத்தின் அலை அதிலிருந்து பெருகியது. 2013இல் வட கென்யாவின் தசானச் மக்களிடம் நடந்த ஆய்விலோ, வெறுங்காலில் வளர்ந்தவர்களே நெடுந்தொலைவு வேகத்தில் பெரும்பாலும் குதிகாலைத்தான் ஊன்றினார்கள். ஆகவே முன்பாதத்தில் ஊன்ற வேண்டும் என்று வலிந்து முயல வேண்டாம். அடியை நெருக்கி, நிமிடத்துக்கு 170 முதல் 180 அடிகள் வைத்து ஓடினால் பாதம் தானாகவே உடலுக்குக் கீழே இறங்கும்.

அதே 2013இல் வந்த இன்னோர் ஆய்வையும் மனத்தில் வைக்க வேண்டும். 36 ஓட்டக்காரர்களைப் பிரித்து, ஒரு குழுவை 10 வாரத்தில் விரல் ஷூவுக்கு மாற்றியபோது, அந்தக் குழுவில் பாதிக்கு மேற்பட்டவர்களின் பாத எலும்புகளில் அழுத்தத்தால் வரும் வீக்கம் ஸ்கேனில் தெரிந்தது. பத்து வாரம் என்பது பலருக்கும் போதாத காலம். முதல் இரண்டு வாரம் வீட்டிலும் கடைக்குப் போகவும் மட்டும் அணிந்து நடக்கலாம். அடுத்து, வழக்கமான ஓட்டத்தின் இறுதியில் அரை கிலோமீட்டர், வாரத்தில் இரண்டு நாள். அதன்பின் வாரத்துக்கு ஓர் அரை கிலோமீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மீதத் தொலைவைப் பழைய ஷூவிலேயே ஓட வேண்டும். அதைத் தூக்கி யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம்.

அளவெடுப்பதை மாலையில் செய்ய வேண்டும், அப்போதுதான் பாதம் வீங்கி முழு அளவில் இருக்கும். தாளில் நின்று பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு, மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் விட்டு, ஷூவின் உள்ளட்டையை எடுத்து அந்தக் கோட்டின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். சுண்டுவிரல் வெளியே நின்றால் அந்த ஷூ எவ்வளவு விலை குறைந்தாலும் வேண்டாம்.

கெண்டைச் சதையில் இரண்டு நாள் நிற்கும் பொதுவான வலி இயல்பு. பாதத்தின் மேற்பக்கத்தில் ஒரே இடத்தை விரலால் அழுத்தினால் சுரீரென்று வலித்து, அது மூன்றாம் நாளும் குறையாவிட்டால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். எலும்பில் விழும் மயிரிழை விரிசல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம் என்பதால், புது ஷூவுக்கு மாறியதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.